ஒற்றைக் காலில் நின்றவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் பேஸ்பால் வீரர் சடஹாரு ஓ அடித்த 868 ஹோம் ரன்களைப் (பெரும்பாலும் மைதான எல்லைக்கு அப்பால் பந்தை அடித்துப் பெறும் ஓட்டங்களைப்) பற்றி வியந்து எழுதியிருந்தீர்கள். அங்குள்ள மைதானங்கள் சிறியவை, பந்துவீச்சும் அமெரிக்கத் தரத்தில் இருக்கவில்லை என்கிறார்கள். தவிர, அவர் தடுப்பாட்டத்தில் நின்ற இடமான முதல் பேஸில் (அடித்தவர் ஓடிச் சேரவேண்டிய முதல் நிலையில்) சுறுசுறுப்பு இல்லாதவர்களைத்தான் நிறுத்துவார்கள் என்றும் படித்தேன். உங்கள் புகழ்ச்சி சற்று மிகையல்லவா?

முரளி

அன்புள்ள முரளி,

அவர் ஆடிய யொமியுரி ஜெயன்ட்ஸ் அணியின் கொரகுவென் மைதானம் சிறியதாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே அவர் மட்டுமா ஆடினார்? 1962 முதல் 1974 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் ஜப்பானின் இரு தொழில்முறை லீகுகளில் ஒன்றான சென்ட்ரல் லீகில் அதிக ஹோம் ரன் அடித்தவர் அவரே; அதே மைதானத்தில் ஆடிய சக வீரர்கள் எவருக்கும் அது கைகூடவில்லை. பந்துவீச்சைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது என்பதால், அவருடைய 868ஐயும் அமெரிக்க வீரர் ஹாங்க் ஆரனின் 755ஐயும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

என்னை ஈர்ப்பது அந்த எண்ணிக்கைக்கு முந்தைய கதை. உயர்நிலைப் பள்ளி அணியின் பிட்சராக (பந்து வீசுபவராக) 1957இல் பள்ளி அணிகளுக்கான கோஷியென் வசந்தகாலப் போட்டியை வென்ற அவர், 1959இல் ஜெயன்ட்ஸில் சேர்ந்தபின் முதல் பேஸுக்கு மாற்றப்பட்டார். மட்டையை ஒருமுறை தேவையின்றி அசைத்துவிட்டே பந்தை அடிக்கும் பழக்கத்தால் எப்போதும் சற்றுத் தாமதித்தார். 1961இல் அடித்தவை வெறும் 13 ஹோம் ரன்கள். 1962இல் பயிற்சியாளர் ஹிரோஷி அரகாவா, பிட்சர் வீசத் தொடங்கும்போதே வலக்காலைத் தூக்கி இடக்காலில் நிற்கும்படி அவரைப் பழக்கினார். ஒற்றைக் காலில் சமநிலை காக்க வேண்டியிருப்பவருக்கு வீண் அசைவுக்கு இடமேது? தொங்கவிட்ட காகிதத்தை வாளால் வெட்டும் பயிற்சியும் இதற்காகவே. பார்ப்பவர்களுக்கு வித்தையாகத் தோன்றிய அந்த நிலை, உண்மையில் ஒரு குறைக்கான வைத்தியம். அந்த 1962இலேயே 38 அடித்தார்.

பிறகு பிட்சர்கள் அவருக்கு அடிக்கத்தக்க பந்தை வீசவே தயங்கினார்கள். இலவசமாக முதல் பேஸுக்கு நடக்க விடப்பட்டது மட்டும் 2,390 முறை!

முதல் பேஸைப் பற்றி நீங்கள் படித்தது பல வீரர்களுக்குப் பொருந்தலாம், இவருக்குப் பொருந்தாது. இவரைப் போன்ற இடக்கை வீரர் அங்கே பந்தைப் பிடித்தால், உடலைத் திருப்பாமலே இரண்டாம் பேஸுக்கு எறிய முடியும். சிறந்த தடுப்பாட்டத்துக்கான விருது 1972இல் தொடங்கியதிலிருந்து 1980 வரை ஒவ்வோர் ஆண்டும், முதல் பேஸுக்கான விருது அவருக்கே கிடைத்தது. 1980இல் 30 ஹோம் ரன்கள் அடித்தும், பேட்டிங் சராசரி (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் வெற்றிகரமாக அடித்தவற்றின் விகிதம்) 0.236க்கு இறங்கிவிட்ட நிலையில், அந்த ஆண்டோடு அவர் ஆட்டத்திலிருந்து விலகினார்.