எம்டன் கேப்டன் அரேபியா வழியாகத் தப்பவில்லை

முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனின் கேப்டன் சிறைபட்டார் என்று ஒரு கட்டுரையும், அரேபியா வழியாக ஊர் திரும்பினார் என்று இன்னொன்றும் சொல்வதால் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, அது இரண்டு பேர் கதை. சிறைபட்டவர் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். அரேபியா வழியாகப் போனவர் அவருக்கு அடுத்த நிலை அதிகாரி ஹெல்முத் ஃபான் முக்கே.

1914 நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலிலுள்ள கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை உடைக்க சுமார் 50 பேரோடு முக்கே கரையிறங்கியிருந்தபோதுதான் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்துவிட்டது, அவர்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ள நேரமில்லாமல் முல்லர் சண்டைக்குக் கிளம்பிவிட்டார். செம அடி வாங்கிய எம்டனைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார், கைதானார், மால்டா போனார், 1916இல் இங்கிலாந்து. அங்கே 1917இல் சுரங்கம் வழியாக இருபதுக்கும் மேற்பட்ட கைதிகளோடு தப்பிப் பிடிபட்டார். சென்னைத் தாக்குதலைவிட எனக்கு இதுதான் சுவாரஸ்யம், ஆனால் யாரும் எழுதுவதில்லை. முன்பே ஆப்பிரிக்காவில் பிடித்த மலேரியா கடைசிவரை விடவில்லை, 1923இல் 49 வயதில் இறந்தார்.

முக்கே? ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலைக் கைப்பற்றி சுமத்ரா போய், அப்புறம் வேறு கப்பலில் ஏமன் கரை சேர்ந்து, 1915இல் இஸ்தான்புல்லை அடைந்தார். 1957 வரை வாழ்ந்தார். உங்கள் கட்டுரையின் தலைப்பில் முல்லர் பெயரை மட்டும் போடுங்கள்.