தலைக்கு மேலே நம் குப்பை: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா. விண்வெளி நிலையத்திலிருந்து பார்த்தால் பூமி எப்படித் தெரியும் என்று நீங்கள் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் அதில், செத்த செயற்கைக்கோள், உடைந்த துண்டு என்று மேலே சுற்றும் விண்வெளிக் குப்பைக்காக அவ்வளவு வருத்தப்பட்டிருந்தீர்கள். இங்கே எங்கள் தோட்டத்துக்குக் குப்பை லாரி வந்து பத்து நாளாகிறது, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்பக்கம் நாற்றம் தாங்கவில்லை. எங்கோ சுற்றுகிற குப்பையைப் பற்றி நமக்கென்ன?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். நானும் லயத்தில் வளர்ந்தவன். கூட்ட ஆள் வராத நாட்களில் அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்புமுன் எங்கள் வாசலோடு பக்கத்து வீட்டு வாசலையும் கூட்டிவிட்டுத்தான் போவார். மேலே அப்படிக் கூட்ட யாரும் இல்லை, என் வருத்தமே அதில்தான்.

நிலையம் சுற்றுவது 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே கொஞ்சம் காற்று மிச்சமிருக்கிறது, அது உரசி உரசிக் குப்பையைச் சில ஆண்டுகளில் கீழே இழுத்துவிடும். 800 கிலோமீட்டரில் அந்தக் காற்றும் இல்லாத மாதிரிதான், போட்டது நூறாண்டுக்கு மேலும் கிடக்கும். 2009 பிப்ரவரியில் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான், சைபீரியாவுக்கு மேலே, செத்துப்போன ஒரு ரஷ்யச் செயற்கைக்கோளும் வேலையிலிருந்த, இரிடியம் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் செயற்கைக்கோளும் மோதிக்கொண்டன. கணக்கில் வந்த துண்டுகளே 2,000க்கு மேல்.

சரி, எங்கோதானே என்கிறீர்கள். அதே 2009 ஜூலையில் நாம் அனுப்பிய ரசாக்சாட் செயற்கைக்கோள் நினைவிருக்கிறதா? நம் நாட்டுக்கு மேலே அடிக்கடி வரட்டும் என்று பூமத்திய ரேகையை ஒட்டி 685 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றவிட்டார்கள். மூன்றாண்டு உழைக்க வேண்டியது, முன்னதாகவே செயலிழந்தது. இன்றைக்கும் அது உங்கள் ஊர் வானத்தில் ஒரு நாளைக்குப் பல முறை போய்வருகிறது.

அப்புறம், நீங்கள் ரசித்த அந்தக் காட்சி. அது ஏழு கண்ணாடிகள் பதித்த ஒரு ஜன்னல் கூண்டிலிருந்து தெரிவது. 2016இல் டிம் பீக் என்ற விண்வெளி வீரர் அதில் ஒரு கண்ணாடியைப் படமெடுத்து அனுப்பினார், 7 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. அடித்தது ஒரு பெயின்ட் துணுக்காகவோ உலோகத் துகளாகவோ இருக்கலாம் என்றார்கள், அதுவும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுதான். எல்லாம் வேகம் செய்கிற வேலை, நிலையமே மணிக்கு 28,000 கிலோமீட்டரில் ஓடுகிறது. பூமியைப் பார்க்க நமக்குக் கிடைத்த ஆக அழகான ஜன்னலில் நாமே கல்லெறிந்துவிட்டோமே என்று அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குப்பை லாரிக்கு மனு எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.