பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்
கேரவன் வண்டி மின்சாரம்: வாசகர் கேள்வி பதில்

டெம்போ டிராவலரைக் கேரவனா மாத்தி ரெண்டு வருசம் ஆச்சுங்க. 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி. ராத்திரி ரெண்டு மணி வாக்குல 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் லோ வோல்டேஜ் காட்டி நின்னுபோகுது. லைட்டும் ஃபேனும் விடிய விடிய ஓடுது. பேட்டரி செத்துப்போச்சு, புதுசு போடுங்கன்னு கடைக்காரர் சொல்றார். போட்டறலாமுங்களா?
பொள்ளாச்சி வாசகர்

இப்போதைக்கு வேண்டாம். பேட்டரி உண்மையில் காலியாகியிருந்தால் ஃபேனும் சோர்ந்து சுற்றும். ஃப்ரிட்ஜ் மட்டும் நிற்கிறது என்றால் முதலில் ஒயரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கம்ப்ரசர் ஓடும்போது மல்டிமீட்டரைப் பேட்டரி டெர்மினலில் வைத்துப் பாருங்கள். பிறகு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஒயர் சேரும் இடத்தில் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு வழியில் இருக்கிறது. வீட்டு வயரிங் பழக்கத்தில் பலர் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரையே வண்டிக்கும் இழுத்துவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். கம்ப்ரசர் கிளம்பும்போது 8 ஆம்பியர் இழுத்தால் அந்த ஒயரிலேயே 1.1 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். சாயங்காலம் பேட்டரி 12.6-இல் இருக்கும்வரை ஃப்ரிட்ஜ் தாக்குப்பிடிக்கும். நடுராத்திரியில் பேட்டரி 12.2-க்கு இறங்கியதும் ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சேருவது 11 வோல்ட்தான். அது தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. அதே தூரத்துக்கு 6 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டோடு நின்றுவிடும். புதுப் பேட்டரி போட்டாலும் பழைய ஒயர் இருக்கும்வரை இதே கதைதான். இரண்டு மணிக்கு நின்றது நாலு மணிக்கு நிற்கும், அவ்வளவுதான்.

நெகட்டிவ் பக்கத்தையும் விடாதீர்கள். ஃப்ரிட்ஜ் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைச் சேசிஸிலும் (வண்டியின் இரும்புச் சட்டம்) வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் பெயிண்ட் மேலேயே லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முறுக்கியிருப்பது தெரியும், சுற்றிலும் பச்சை பூத்திருக்கும். இரும்பு பளபளவென்று தெரியும்வரை சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, அதன்பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். கிரீஸை முதலில் தடவக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் பேட்டரியைச் சோதிக்கலாம். சார்ஜும் லோடும் இல்லாமல் நாலைந்து மணி நேரம் ஓய்வில் விட்டு அளக்க வேண்டும். 12.7-க்குப் பக்கம் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போகவே விடாதீர்கள். அடுத்து, பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர். முழு சார்ஜில் ஐந்து அறைகள் 1230 காட்டி ஒன்று மட்டும் 1150-இல் நின்றால் அந்த அறை போய்விட்டது. அப்போது கடைக்காரர் சொன்னது சரி.

கூரையில 200 வாட் சோலார் இருக்கு. தென்னந்தோப்புல நிறுத்துனா சார்ஜே ஏற மாட்டேங்குது. பேனல் கெட்டுப்போச்சுங்களா?
உடுமலை வாசகர்

பேனல் நன்றாகத்தான் இருக்கும். அதில் செல்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஒரே ஒரு மட்டையின் நிழல் சில செல்கள் மேல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க அடங்கிவிடும். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, மடக்கும் பேனல் ஒன்றை 10 மீட்டர் ஒயரோடு வெயிலில் வைப்பதுதான் வழி.

பழைய பஸ் சேசிஸ்ல கட்டுன வண்டிங்க, 24 வோல்ட். 12 வோல்ட் லைட்டுக்கும் தண்ணி மோட்டாருக்கும் ரெண்டு பேட்டரியில ஒண்ணுல இருந்து மட்டும் லைன் எடுத்திருக்கோம். வருசத்துக்கு ஒரு பேட்டரி போகுது. ஏன்?
திருச்செங்கோடு வாசகர்

அந்த லைன்தான் காரணம். லாரியும் ரிக் வண்டியும் ஓடும் உங்கள் ஊரில் பாட்டுப் பெட்டிக்கு இப்படி எடுப்பது சர்வ சாதாரணம். கேரவனில் லோடு நாள் முழுக்க ஓடுவதால் பாதிப்பு சீக்கிரம் தெரிகிறது.

இரண்டு பேட்டரியும் தொடராக இருக்கின்றன. டைனமோ 28 வோல்ட் தருகிறது. அதற்குத் தெரிவது மொத்தக் கணக்கு மட்டும்தான், எது எவ்வளவு பசியில் இருக்கிறது என்று தெரியாது. லைன் எடுத்த பேட்டரி எப்போதும் குறைவாக இருப்பதால் 13 வோல்ட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 15-ம் மற்றதன் தலையில் விழும். ஒன்று நிறையாமலே கிடந்து தகடு வெள்ளையாகும். மற்றது கொதித்துத் தண்ணீர் வற்றும். மூடியைத் திறந்தால் ஒன்றில் மட்டும் அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கும். வண்டி ஓடும்போது இரண்டையும் தனித்தனியே அளந்தால் கையும் களவுமாகப் பிடிபடும்.

அந்த லைனைக் கழற்றிவிட்டு, 24-இலிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றை இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து வையுங்கள். லைட், தண்ணீர் மோட்டாருக்கு 20 ஆம்பியர் போதும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் கருவிக்காக அல்ல, ஒயர் தீப்பிடிக்காமல் இருக்கத்தான். பேட்டரி மாற்றும்போது இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். பழசோடு புதுசு சேர்த்தால் மறுபடியும் இதே தொல்லை.

தோட்டத்துச் சாளையில இருந்து ஒயர் இழுத்து வண்டிக்குக் கரண்ட் குடுத்தோம். வெறுங்கால்ல நின்னு கதவுப் பிடியத் தொட்டா சுர்ருங்குது. ரெண்டு பின் பிளக்கைத் திருப்பி மாட்டுனா குறையுதுங்க. அப்படியே விட்டறலாமா?
கோபி வாசகர்

விடவே கூடாது. இன்றே நிறுத்துங்கள். வண்டியில் இருக்கும் பேட்டரி சார்ஜருக்குள் உள்ள சிறு கெப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கரண்ட் எப்போதும் பாடிக்குக் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். டயரோ ரப்பர், பிளக்கில் மூன்றாவது பின்னும் இல்லை. எனவே உங்கள் உடம்பு வழியாக மண்ணைத் தேடுகிறது. சுர்ரென்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். என்றைக்காவது ஃபேஸ் ஒயர் உரசி பாடியைத் தொட்டால் 230 வோல்ட்டும் அந்தக் கதவுப் பிடிக்கு வந்துவிடும். ஈரக் காலோடு குழந்தை தொட்டால் உயிருக்கே ஆபத்து.

எர்த் உள்ள 16 ஆம்பியர் மூன்று பின் பிளக், 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் கேபிள், வண்டிக்குள் நுழைந்ததும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). இந்த மூன்றும் கட்டாயம். எர்த் ஒயர் வண்டியின் பாடியோடு நன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். சாளையின் எர்த் குழியே காய்ந்து கிடந்தால் இவை போதாது, எலக்ட்ரீஷியனை வைத்து அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆர்சிசிபி-யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிளக் மாட்டும் முன் சாக்கெட்டில் மீட்டர் வையுங்கள். 260-க்கு மேல் காட்டினால் நியூட்ரல் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம், மாட்டாதீர்கள். மோட்டார் ரூமிலிருந்து லைன் எடுக்க வேண்டாம். இலவச விவசாய இணைப்பு விவசாயத்துக்கு மட்டும்தான்.

100 ஏஎச் லித்தியம் பேட்டரியை டைனமோவோட நேரா இணைச்சிருக்கேன். ஊட்டி மலை ஏறும்போது டைனமோ கொதிக்குது. இதே மாதிரி இணைச்ச நண்பரோட பிஎஸ்6 வண்டியில சார்ஜே ஏறல. எது சரி?
கோவை வாசகர்

இரண்டுமே சரியில்லை, நடுவில் டிசி-டிசி சார்ஜர் (டைனமோ கரண்டை அளவாக்கி, லித்தியத்துக்கு வேண்டிய வோல்ட்டில் தரும் கருவி) இல்லாததுதான் குறை. எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் லித்தியம் வாங்கிக்கொள்ளும், அதனால் டைனமோ ஓய்வில்லாமல் உழைக்க வேண்டியிருக்கும். மலையில் வண்டி மெதுவாக ஏறும், இன்ஜின் சூடும் அதிகம், டைனமோவுக்குக் காற்றும் போதாது. பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வந்த பல வண்டிகளிலோ ஸ்டார்ட்டிங் பேட்டரி நிறைந்ததும் டைனமோ வோல்ட்டைக் கம்ப்யூட்டரே இறக்கிவிடும். லித்தியம் நிறைய 14.2 வோல்ட்டாவது வேண்டும்.

30 ஆம்பியர் சார்ஜர் போட்டால் காலி பேட்டரி மூன்றரை மணி நேரத்தில் நிறையும். 16 ஸ்கொயர் எம்எம் ஒயரும் இரு பேட்டரிகளின் பக்கத்திலும் 50 ஆம்பியர் ஃபியூஸும் போடுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் இரவுகளில் பேட்டரியை வண்டிக்கு வெளியே பெட்டியில் வைக்காதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைப் பயன்படுத்தலாம், சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் உள் சர்க்யூட்) தானே தடுத்துவிடும். காலையில் சார்ஜ் ஏறவில்லை என்றால் வெயில் வந்து பேட்டரி சூடேறும்வரை பொறுங்கள்.