இளைஞர்களோடு வேலை செய்கிறவர்கள் இணையத்தை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்? எந்தச் செயலி உதவியாக இருக்கிறது?

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டில் ஓர் இளைஞர் அமைப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். நேரில் சந்திப்பது குறைந்து எல்லாம் போனுக்குள் போய்விட்டதா என்றும் கேட்டிருக்கிறார். நான் பர்மாவிலிருந்து எழுதுகிறேன். ரங்கூனிலிருந்து பாலம் தாண்டினால் தன்லின். அந்தப் பக்கத்துக் கோயில் மண்டபம் ஒன்றில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பும், அதை ஒட்டி ஓர் இளைஞர் குழுவும் நடத்துகிறோம். 14 வயதிலிருந்து 25 வயதுவரை ஐம்பது அறுபது பேர். சம்பளம் கிடையாது. பகலில் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் என்னை அக்கா என்பார்கள், பாதிப் பேர் செயாமா என்பார்கள் (பர்மிய மொழியில் டீச்சரம்மா).

முதலில் ஒன்று. உங்கள் ஊரில் செய்தி தட்டினால் பிள்ளைகள் படித்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. 1960களில் தனியார் பள்ளிகளை அரசுடைமை ஆக்கியதோடு தமிழ்ப் பள்ளிகளும் போய்விட்டன. அதனால் பாட்டி தமிழ்ப் பத்திரிகை படிப்பார், அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், பிள்ளைக்கு அதுவும் வராது. ஆகவே எங்கள் வேலையில் முக்கால்வாசி வாய்ஸில்தான் நடக்கிறது. ‘நாளைக்கு வகுப்பு ஒன்பது மணிக்கு, திருக்குறள் நோட்டு கொண்டு வா’ என்பதைக்கூட நான் பேசித்தான் அனுப்புகிறேன்.

பர்மிய எழுத்தில் தட்டலாமே என்பீர்கள். அதையும் செய்தோம். தேவாரப் பாட்டை, பஜனைப் பாட்டையெல்லாம் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். ஆனால் பர்மிய எழுத்தில் ‘ர’ இருந்தாலும் வாய்க்கு வரும்போது பெரும்பாலும் ‘ய’ ஆகிவிடும். ரங்கூன் யாங்கோன் ஆனது அப்படித்தான். ஒரு கார்த்திகை அன்று ஏழெட்டுப் பிள்ளைகள் போனைப் பார்த்து உரக்க ‘முயுகா, முயுகா’ என்று பாட ஆரம்பித்தார்கள். பூசாரி ஐயா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து பாட்டெல்லாம் ஒலிப்பதிவுதான். ஒரு வயதான அம்மா பாடி அனுப்புவார், பிள்ளைகள் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு மனப்பாடமான பிறகு தமிழ் எழுத்தைக் கையில் கொடுத்தால், எந்த எழுத்து எந்த ஒலி என்று அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். அரிச்சுவடியில் ஆரம்பித்த காலத்தைவிட இது வேகமாக நடக்கிறது.

பர்மிய எழுத்திலேயே இன்னொரு கூத்தும் இருந்தது. வெகுநாள் வரை இங்கே பாதிக்கு மேல் போன்களில் ஜாவ்ஜீ என்ற எழுத்துமுறை, மீதியில் யூனிகோடு. ஒன்றில் தட்டியது மற்றதில் குப்பையாகத் தெரியும். பொங்கல் கோலப்போட்டி அறிவிப்பு ஒன்றைப் போட்டுவிட்டு, ஏன் இத்தனை பேர் வரவில்லை என்று விசாரித்தால், அவர்கள் போனில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்ததாம். 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அப்புறம்தான் தலைவலி குறைந்தது.

இணையம் எங்களுக்கு வந்ததே தாமதம். ஒரு காலத்தில் இங்கே சிம் கார்டு ஆயிரக்கணக்கான டாலர் விற்றது. 2014இல் ஊரிடூ, டெலினோர் என்ற வெளிநாட்டு போன் கம்பெனிகள் வந்தபோது 1500 கியாட்டுக்கு (கியாட் எங்கள் ஊர்ப் பணம்) கிடைத்தது. கணினியே பார்க்காத வீடுகளில் நேராகக் கையில் போன், போனில் ஃபேஸ்புக். இங்கே பலருக்கு இணையம் என்றாலே ஃபேஸ்புக்தான். அதற்குள் ஏழு வருடம்கூட ஆகவில்லை, 2021 பிப்ரவரியில் ஆட்சி மாறியது. 4ஆம் தேதி ஃபேஸ்புக்கை அடைத்தார்கள். மார்ச் நடுவில் மொபைல் டேட்டாவே நின்றது, மாதக்கணக்கில்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. குழுவில் அறுபது பேர் இருக்கிறார்கள், ஆனால் ஒருத்தர் வீடுகூட எனக்குச் சரியாகத் தெரியாது! எல்லாரும் மெசஞ்சரில் ஒரு வட்டப் படம், அவ்வளவுதான். ஒரு தம்பியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் ‘செயாமா, நீங்க நிஜமாவே இவ்வளவு குட்டையா?’ என்று கேட்டாள் ஒருத்தி. ஒரு வருடமாகக் குழுவில் இருக்கிறவள், கொரோனா காலத்தில் சேர்ந்தவள், என்னை நேரில் பார்த்ததே இல்லை. இன்றைக்கும் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் முதலில் வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் குரூப்பில் சேர்க்கிறேன். நேரில் பார்ப்பது குறைந்துவிட்டதா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: எனக்கு அதற்குப் பிறகு கூடித்தான் போயிற்று.

இனி என் தப்பு ஒன்று. மூன்று வருடம் இருக்கும். மின்சாரம் இல்லாத சாயங்காலம், டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஜெனரேட்டர் போட்டதால் கூட்டம். ஒரு பெண்ணிடமிருந்து வாய்ஸ் வந்தது. வகுப்புக்கு வர முடியவில்லை என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்து அப்படியே தட்டிவிட்டேன். ஸ்பீக்கரில் ஓடியது. வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடித்ததைப் பற்றி, அழுதுகொண்டே. இரண்டு விநாடியில் நிறுத்தினேன், ஆனால் பக்கத்து மேசையில் அவர்கள் தெருக்காரர் உட்கார்ந்திருந்தார். குரலைக் கேட்டால் யார் என்று தெரியாதா? மறுநாளே அது அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அவள் அதற்கப்புறம் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. ‘வணக்கம் அக்கா’ மட்டும் வரும்.

அதிலிருந்து என் பையில் எப்போதும் ஒயர் இயர்போன் இருக்கும் (புளூடூத் பாதியில் கைவிட்டுவிடும், நம்ப முடியாது). காதில் மாட்டாமல் எந்த வாய்ஸையும் திறப்பதில்லை. கேட்டவுடன் அறிவுரை சொல்வதும் இல்லை. ‘கேட்டேன்மா. பத்திரமா இருக்கியா? நாளைக்கு வகுப்பு முடிஞ்சு பேசலாமா?’ இவ்வளவுதான். அது பத்தே விநாடிதான், ஆனால் உடனே போக வேண்டும். இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை வாய்ஸ் போட்டால் அது வீட்டுப்பாடச் சந்தேகமாக இருக்காது.

இன்னொரு பெரிய வேலை, நான் எதிர்பார்க்காத வேலை, வேலைவாய்ப்பு விளம்பரம் சரிபார்ப்பது. 2024 பிப்ரவரி 10 அன்று கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. அதிலிருந்து எந்த வீட்டிலும் வெளிநாட்டுப் பேச்சுதான். இதற்கென்றே வலை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். டெலிகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் வரும்: தாய்லாந்தில் வேலை, கணினியில் தட்டத் தெரிந்தால் போதும், சம்பளம் தாய்லாந்துப் பணத்தில், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், பயணச் செலவு எங்களது. நம்பிப் போனவர்கள் தாய்லாந்து எல்லை ஊரான மேசோட்டுக்கு எதிர்க்கரை, பர்மாவுக்குள் இருக்கிற மியவாடிப் பக்கம், இணைய மோசடிக் கூடத்தில் போய் விழுந்தார்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்தியதையும், அங்கிருந்து ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியே கொண்டுவரப்பட்டதையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பல நாட்டுப் பிள்ளைகள்.

எனக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று ஸ்கிரீன்ஷாட் வரும். கீழே ஒரே வரி: ‘அக்கா இது நிஜமா?’ நான் போலி என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர்களையே கேட்கச் சொல்வேன். முதலில் நிறுவனத்தின் பெயரும் கட்டடத்தின் முகவரியும் கேள். அப்புறம், அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கிற ஒருவரை வீடியோவில் கூப்பிடச் சொல், அவர் எழுந்து வாசலுக்கு வந்து தெருவைக் காட்டட்டும். கடைசியாக, எந்த ஊரில் இறங்கி எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று வரிசையாகச் சொல்லச் சொல். ஒரு தம்பி இதை என் பக்கத்தில் உட்கார்ந்தே செய்தான். முதல் கேள்விக்கு அழகாகப் பதில் வந்தது. தெருவைக் காட்டுங்கள் என்றதும் ‘உனக்கு வேலை வேணுமா, ஊர் சுத்திப் பாக்கணுமா?’ என்றார்கள். இரண்டு நிமிடத்தில் இவனை பிளாக் செய்துவிட்டார்கள். அந்த உரையாடலை, அவன் பெயரை மறைத்து, குரூப்பில் போட்டேன். என்னுடைய இருபது எச்சரிக்கைப் பதிவுகள் செய்யாததை அந்த ஒரு படம் செய்தது.

படம் போடுவதில் நாங்கள் கஞ்சர்கள். இளவட்டப் பையன்களின் முகத்தைப் பொதுவில் போடுவதே இல்லை, யாரையும் டேக் செய்வதும் இல்லை. சோதனைச் சாவடியில் போனைப் பார்ப்பார்கள், அதற்கு மேல் இதைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை. எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் கோலம் இருக்கும், பொங்கல் பானை இருக்கும், பந்தலுக்கு மூங்கில் கட்டுகிற கை இருக்கும், தலை இருக்காது. ‘உங்க குழுவுல ஆளே கிடையாதா?’ என்று மலேசியாவிலிருந்து ஒரு அண்ணன் கிண்டலடித்தார். இருக்கட்டும். விபிஎன் (அடைத்த தளங்களைத் திறக்க உதவுகிற செயலி) விஷயமும் அப்படித்தான். 2025 ஜனவரி 1இல் வந்த சைபர் பாதுகாப்புச் சட்டத்தில், அனுமதி இல்லாமல் விபிஎன் சேவை நடத்துவதற்குத் தண்டனை இருக்கிறது. இதை இறக்கு, அதை இறக்கு என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்வதில்லை. ஃபேஸ்புக் திறக்காதவர்களுக்கும் செய்தி போய்ச் சேருகிற மாதிரி வைத்துக்கொள்கிறேன், தேவைப்பட்டால் சாதாரண எஸ்எம்எஸ்.

2025 மார்ச் 28 நிலநடுக்கம். 7.7 அளவு. மாந்தலே, சகாயிங் நகரங்களில் கட்டடங்கள் இடிந்தன. அங்கே உறவுக்காரர்கள் உள்ள வீடுகள் எங்கள் குழுவில் பல. நாலு பிள்ளைகள் உட்கார்ந்து, யார் யாரிடமிருந்து பதில் வந்தது, யாருடையது வரவில்லை என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக் குறித்தார்கள். பணமும் திரட்டினோம். கே-பேயில் (போனில் பணம் அனுப்புகிற செயலி) வந்த ஒவ்வொரு ரசீதையும் அன்றன்றே நோட்டில் ஏற்றி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டோம். காசு விஷயத்தில் இதை மட்டும் விடாதீர்கள்.

அந்த நாட்களில் நிலநடுக்கத்தைவிடப் பெரிய தொல்லை டிக்டாக். ஒரு ஜோசியர் ஏப்ரல் 21 அன்று நாடு முழுக்க மறுபடி ஆடும் என்று வீடியோ போட்டார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ரங்கூனிலேயே வீட்டுக்குள் படுக்கப் பயந்து வெளியே இருந்தவர்கள் உண்டு. பிறகு அவரைக் கைது செய்தார்கள். எங்கள் குரூப்பில் அதே வீடியோ ஒன்பது முறை வந்தது. அழித்துப் பார்த்தேன், மறுபடி வந்தது. கடைசியில் குழுவில் புவியியல் படிக்கிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, நாற்பது விநாடி, தமிழிலும் பர்மிய மொழியிலும் பேசச் சொன்னேன்: நிலம் ஆடும் இடம் எது என்று சொல்லலாம், நாள் குறித்துச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது, ஆடினால் மேசைக்கு அடியில் போ, லிஃப்டில் ஏறாதே. பாட்டிகள் அதை வாங்கித் தங்கள் பஜனைக் குரூப்புகளில் அனுப்பினார்கள். அவள் குரல் பக்கத்து நகரமான பெகுவரை போய்விட்டது. நான் பேசியிருந்தால் அந்த வேகம் வந்திருக்காது, எனக்குத் தெரியும். என் வாய்ஸைப் பாதிப் பேர் இரட்டை வேகத்தில் கேட்கிறார்கள் என்று ஒருத்தன் உளறிவிட்டான்.

எந்தச் செயலி என்ற கேள்விக்கு: எங்கள் பக்கம் வைபரும் மெசஞ்சரும், கொஞ்சம் டெலிகிராமும். அவற்றில் வைபர்தான் பாட்டிகளும் வைத்திருக்கிறார்கள், அதனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மற்றபடி மின்சாரம் நாலு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் போகிற ஊரில், சின்ன ஒலிப்பதிவு எதில் லேசாகப் போகிறதோ அதுதான் செயலி. வீடியோ வகுப்பு இரண்டு மாதம் நடத்திப் பார்த்து விட்டுவிட்டேன். உங்கள் பிள்ளைகளின் பெற்றோர் எதைத் திறக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள், அதிலேயே ஆரம்பியுங்கள்.