பனி தள்ளும் மெஷின்: 24 இன்ச்சா, 28 இன்ச்சா?

கேள்வி: அண்ணா, ஏற்காட்டு எஸ்டேட்களின் புல் வெட்டும் மெஷின்களைப் பற்றி எழுதுகிறீர்கள். நீங்கள் கனடாவில் மெக்கானிக்காக இருந்தவர் என்பதால் இதைக் கேட்கிறேன். ஒட்டாவாவில் என் மகன் வீடு வாங்கியிருக்கிறான். வாசலில் இரண்டு கார் நிற்கும் அகலத்துக்கு ஜல்லிப் பாதை. பனி தள்ள டூ ஸ்டேஜ் மெஷின் பார்க்கிறான். 24 இன்ச்சா, 28 இன்ச்சா என்று குழப்பம். விலை குறைந்த சிங்கிள் ஸ்டேஜே போதும் என்கிறாள் மருமகள்.
— ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஜல்லிப் பாதை என்றால் சிங்கிள் ஸ்டேஜ் வேண்டவே வேண்டாம், அம்மா. அதில் சுழலும் பிளேடு தரையை உரசிக்கொண்டே போகும். பனியோடு ஜல்லியையும் வாரி வீசும். டூ ஸ்டேஜில் முன்னால் உள்ள ஆகர் என்ற திருகு பிளேடு பனியை உடைத்து நடுவுக்குத் தள்ள, பின்னால் நம் பம்ப் செட்டில் இருப்பது போன்ற ஒரு இம்பெல்லர் அதை வாங்கி மேல் குழாய் வழியே தூர வீசும். இரண்டு ஓரத்திலும் தரையில் சறுக்கிப் போகும் ஸ்கிட் ஷூ என்ற தாங்கு கட்டையைச் சரிசெய்தால் ஆகர் ஜல்லியில் படாமல் சற்று மேலே நிற்கும்.

அகலத்துக்கு வருவோம். புதிதாக விழுந்த பனியை எந்த மெஷினும் தள்ளிவிடும். சிரமம் எல்லாம் வாசல் முனையில்தான். தெருப் பனியை ஒதுக்கும் நகராட்சி வண்டி, ஒவ்வொரு வீட்டு முன்பும் ஒரு வரப்பைப் போட்டுவிட்டுப் போகும். உப்பும் ஈரமும் சேர்ந்த கனமான பனி. விட்டுவைத்தால் கல்லாக இறுகிவிடும். அதை உடைக்க அகலம் உதவாது, எஞ்சின்தான் உதவும். ஒரே எஞ்சினில் வாய் அகலமானால் சுமையும் கூடும். அதனால் 250 சிசி அளவில் எஞ்சின் உள்ள 24 இன்ச் மெஷினையே நான் சொல்வேன். நடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இது கிட்டத்தட்ட 100 கிலோ கனம். கைப்பிடி லீவரை அழுத்தினால் தானே திரும்பும் வசதி இருக்கிறதா என்று கடையில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகரில் ஷியர் பின் இருக்கும். கல் சிக்கினால் அது உடைந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றும். உடைந்த இடத்தில் கையில் கிடைத்த போல்ட்டை மாட்டினால் அடுத்த முறை கியர் பாக்ஸே போய்விடும். கம்பெனி பின் நாலைந்து வாங்கி வைக்கட்டும்.

அப்புறம், இதை மகனிடம் நீங்களே போனில் சொல்லுங்கள். குழாயில் பனி அடைத்தால் கையை விடவே கூடாது. எஞ்சினை அணைத்த பிறகும் உள்ளே இறுக்கம் மிச்சமிருந்து, அடைப்பு விலகியதும் இம்பெல்லர் ஒரு சுற்று சுற்றிவிடும். விரல் போய்விடும், அம்மா. எஞ்சினை அணைத்து, எல்லாம் நின்ற பிறகு, மெஷினோடு வரும் பிளாஸ்டிக் குச்சியால்தான் குத்தி எடுக்க வேண்டும். மூடிய கராஜுக்குள் ஸ்டார்ட் செய்யவும் கூடாது. புகை ஆளைக் கொல்லும்.

சீசன் முடிந்ததும் பெட்ரோலை வடித்து, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிடட்டும். ஏற்காட்டிலிருந்து என்னிடம் வரும் மெஷின்களில் பல, பழைய பெட்ரோல் பிசினாகி அடைத்தவைதான்.