எல்லா வயிற்றுவலியும் கேஸ் இல்லை: ஒரு நர்ஸின் பதில்கள்

அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயிற்றுவலி பற்றி எனக்கு எழுதி வந்த கேள்விகளில் பாதி "கேஸ்தானே?" என்றே முடிகின்றன. வலி எப்போது வருகிறது, எங்கே பரவுகிறது, மலம் என்ன நிறம் என்று எழுதியவர்களுக்கு என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடிந்தது.

சிஸ்டர், குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போறவன். பத்து மணி வாக்குல நெஞ்சுக்குழியில எரிச்சல், கஞ்சி குடிச்சா தணியும். முட்டுவலிக்கு மருந்துக்கடையில மாத்திரை வாங்கிப் போடுவேன்.

தம்பி, வெறும் வயிற்றில் வந்து சாப்பிட்டதும் அடங்குகிற வலி, நடுராத்திரி எழுப்பிவிடுகிற வலி என்றால் முன்சிறுகுடல் புண்ணைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இரைப்பையில் புண் என்றால் பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு வலி கூடும். காலையில் பட்டினி கிடப்பதால் வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் பெரிய காரணங்கள் இரண்டு: ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி, டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை. அந்தக் கிருமியை ஆஸ்திரேலியாவில் டாக்டர்கள் வாரனும் மார்ஷலும் 1982-ல் வளர்த்தெடுத்தபோது பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அதைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமி இருந்தால் இரண்டு வாரம்போல மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம். முட்டுவலி மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மலம் தார்போல் கறுத்து, ஒட்டி, கடுமையாக நாறினால் உள்ளே ரத்தம் கசிகிறது. அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்த ஒட்டலும் நாற்றமும் இருக்காது.

குளச்சல்ல இருந்து. அப்பாவுக்கு 58 வயசு, சுகர் உண்டு. நேத்து மேல்வயிறு அடைச்ச மாதிரி, குப்புனு வேர்த்துது. சோடா குடிச்சுட்டுப் படுத்துட்டாங்க.

மக்களே, இதைப் படித்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் இசிஜி எடு. மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவும் வரும். சுகர் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே தெரியாமல் போகலாம். வேர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ ஏறும் வலி இருந்தால் சோடாவைத் தேடாதே, 108-ஐக் கூப்பிடு.

மகனுக்கு 16 வயசு. அடிக்கடி வயிறு வலிச்சு முதுகு வரை போகுது, மலம் எண்ணெயா மிதக்கு. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தின்னதாலயா?

நீங்கள் மலத்தைக் கவனித்திருக்கிறீர்களே, அது பெரிய உதவி. கணையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குடிக்காத சிறுவர்களுக்கே வரும் கணைய அழற்சி ஒன்று உண்டு, கேரளத்தில் நிறையப் பதிவானது. சிறுவயதில் வலி, பிறகு கணையத்தில் கல், அப்புறம் சர்க்கரை நோய் என்று போகும். ஒரு காலத்தில் மரச்சீனிமேல்தான் பழி போட்டார்கள். அது நிரூபணமாகவில்லை. சிலருக்குப் பரம்பரைக் கூறு இருப்பது பிறகு தெரிந்தது. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டும் நம் வழக்கம் கிழங்கின் நஞ்சைக் குறைக்கிறது, அதை விட வேண்டாம். பையனுக்கு ஸ்கேனும் ரத்தத்தில் சர்க்கரைப் பரிசோதனையும் வேண்டும்.

பாட்டி குடலேற்றம்னு எண்ணெய் போட்டு உருவினாங்க. வலி கூடிப் போச்சு.

உருவுவதை உடனே நிறுத்தச் சொல். தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, இருமினாலும் குதித்தாலும் வலி சுண்டினால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். பேதி மருந்தும் கொடுக்கக் கூடாது. பாட்டியின் பாசத்தில் குறையில்லை, ஆனால் வால் வெடித்த பிறகு வந்த பிள்ளைகளை வார்டில் பார்த்தவள் நான்.

மூலம்னு பத்து வருஷமா களிம்பு போடறேன். 52 வயசு. இப்போ ரத்தத்தோட மலம் கழியும் பழக்கமும் மாறியிருக்கு.

பழைய மூலத்தோடு புதிய நோயும் சேர்ந்து வரலாம். மலப்பழக்கம் மாறியது, ரத்தம், எடை குறைவு, சோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்தே தீர வேண்டும். டாக்டரிடம் கூச்சப்படாமல் ரத்தம் சிவப்பா கறுப்பா, மலத்தோடு கலந்தா மேலே சொட்டியா என்று சொல்லுங்கள்.