நெஞ்சு படபடத்தால் அது பயம்தானா?

கேள்வி: பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வளவு வீட்டு மராமத்துச் செலவைப் புள்ளிவாரியாக, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, பிரிப்பது பற்றி முகப்பில் உட்கார்ந்து பங்காளிகள் பேசினார்கள். கணக்கு தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. ‘பயப்படாமப் பேசு’ என்றார் ஒரு பெரியவர். அதோடு பேச்சே வரவில்லை. இ.சி.ஜி. எடுத்தேன், நன்றாக இருக்கிறது. என் கணவர் ‘எல்லாம் மனசுதான்’ என்கிறார். இது மனசா, உடம்பா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்களுக்கு வந்தது பயம் என்று அந்தப் பெரியவர் சொன்னார், நீங்களும் ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். கடிதத்தைப் படித்த எனக்கு அது கோபம் என்றுதான் படுகிறது.

பயத்துக்கும் கோபத்துக்கும் உடம்பு செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். மூளை உஷாரானதும், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு நரம்பு வழியே சேதி போகும். அட்ரினலின் ரத்தத்தில் இறங்கும். இதயம் வேகமெடுக்கும், கை நடுங்கும், வாய் உலரும்.

இதில் எது முதலில் என்பது பழைய சண்டை. உடம்பில் நடக்கும் மாற்றத்தை உணர்வதுதான் உணர்ச்சி, நடுங்குவதால்தான் பயப்படுகிறோம் என்று 1884இல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். 1927இல் உடலியல் அறிஞர் வால்டர் கேனன் மறுத்தார். பயம், கோபம், ஏன், காய்ச்சல் வந்தால்கூட உடம்பு இப்படித்தான் மாறுகிறது, பிறகு அதை மட்டும் வைத்து எந்த உணர்ச்சி என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

1962இல் ஷாக்டர், சிங்கர் என்ற இரு உளவியலாளர்கள் சிலருக்கு அட்ரினலின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். படபடப்பு ஊசியால் வருகிறது என்று தெரியாதவர்கள், பக்கத்தில் இருந்தவர் குதூகலித்தால் குதூகலத்தின் பக்கமும், சிடுசிடுத்தால் எரிச்சலின் பக்கமும் சாய்ந்தார்கள். பிறகு செய்து பார்த்தவர்களுக்கு முடிவு இவ்வளவு சுத்தமாக வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் படபடப்புக்குப் பெயர் வைப்பதில் சுற்றியிருப்பவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை நான் நம்புகிறேன். உங்கள் முகப்பில் நடந்தது அதுதானே?

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் பாதிதான் சரி. மூளைக்கும் இதயம், குடல் முதலியவற்றுக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பகுதி கீழிருந்து மேலே, மூளைக்குத்தான் சேதி கொண்டுபோகிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் ஒரு கவலையும் இல்லாதவருக்கும் படபடப்பும் நடுக்கமும் வரும். அதனால் தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சும்மா இருக்கும்போதும் படபடப்பு வந்தால், மயக்கம் வந்தால், மறுபடி டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வெறும் வயிற்றோடு டிகிரி காபியைக் குடித்துவிட்டுப் போகாதீர்கள். உங்கள் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துப்போங்கள். பேசுவதற்கு முன் நாலைந்து முறை மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பு இதயத்தைக் கொஞ்சம் அடக்கும். முழுக்க அடங்கும்வரை காத்திருக்க வேண்டாம், கை நடுங்கினால் நடுங்கட்டும். யாராவது ‘பயப்படாதே’ என்றால், ‘பயமில்லைங்க, கணக்கு தப்பா இருக்கு, அதான் கோபம்’ என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்து வாசியுங்கள்.